கண்டல் காடும் தோட்டத் தமிழரும்: கோலசிலாங்கூர்க் கானலில் ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தோட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குடியேற்ற முறைகள், கங்காணிகள், கூலி, வேலைநிறுத்தம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகள் நம்மிடம் கணிசமாக உள்ளன. ஆயினும், அத்தோட்டங்கள் தோன்றுவதற்கு முன் அந்நிலம் எத்தகையதாக இருந்தது, அங்கு வாழ்ந்த மரங்களும் உயிரினங்களும் யாவை, நம் முன்னோர் அவற்றோடு கொண்டிருந்த உறவு எத்தகையது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. தோட்டம் என்பது காட்டை அழித்து எழுந்த நிலம். காட்டின் கதையை விட்டுவிட்டுத் தோட்டத்தின் கதையைச் சொல்வது, முதல் இயலைக் கிழித்துவிட்டு நூலைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

இக்கட்டுரை, எம் துறை மாணவர் சிலருடன் பத்தாங் காலியிலிருந்து கோலசிலாங்கூர் வரை நாம் மேற்கொண்ட களப்பயணத்தின் அடிப்படையில் அமைந்தது. கோலசிலாங்கூரின் குன்றுக் காட்டையும் கண்டல் காட்டையும் ஆற்றங்கரையையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு, வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழரின் வரலாற்றை மீண்டும் நோக்குவது இதன் நோக்கமாகும். தமிழாசிரியர்களுக்கு இப்பார்வை எவ்வகையில் பயன்படும் என்பதும் இறுதியில் எடுத்துரைக்கப்படுகிறது.

ஆற்றின் வழியே

பத்தாங் காலி உலு சிலாங்கூர் மாவட்டத்தில், மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர். அங்கு ஓடும் பத்தாங் காலி ஆறு சிலாங்கூர் ஆற்றுடன் கலந்து, பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வழியாகச் சென்று கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையை அடைகிறது. எனவே மலையும் கரையும் ஒரே நீரால் பிணைக்கப்பட்டவை. மேற்பகுதியில் நிகழும் மாற்றம் எதுவாயினும், கீழ்ப்பகுதியின் சேற்றில் அதன் தடம் படிந்தே தீரும்.

பத்தாங் காலி என்னும் பெயர் உலக வரலாற்றில் ஒரு துயர நிகழ்வால் அறியப்பட்டுள்ளது. 1948 டிசம்பர் 12ஆம் நாள், அவசரகாலத்தின்போது, அங்குள்ள சுங்கை ரெமோக் ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் ஏந்தாத சீனர் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். அது குறித்து முறையான பொது விசாரணை நடத்தப்பட வேண்டும் என்னும் கோரிக்கை பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் 2015ஆம் ஆண்டு தள்ளுபடி செய்யப்பட்டது. இந்நிகழ்வை இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அவசரகாலம் தோட்ட மக்களுக்கும் காட்டுக்கும் இருந்த உறவை அடியோடு மாற்றியது. விறகுக்கும் கீரைக்கும் மீனுக்கும் காட்டோரத்தை நாடியவர்கள், முள்வேலிக்குள் ஒருங்கிணைக்கப்பட்ட லயங்களில் அடைபட்டனர். ஊரடங்கு நேரத்தில் காட்டோரம் செல்வதே உயிருக்கு ஆபத்தாயிற்று. காடு அச்சத்தின் இடமாக மாறியது. அக்காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு மரங்களின் பெயரைக் கற்றுத்தரும் வாய்ப்பு அத்துடன் பெரிதும் குறைந்தது எனலாம்.

மெலாவத்திக் குன்று

சமவெளியின் நடுவே, ஆற்று முகத்துவாரத்தைக் காவல் காப்பது போல் எழுந்து நிற்பது புக்கிட் மெலாவத்தி. உயரத்தால் பெரியதன்று. ஆயினும் கடலையும் ஆற்றையும் ஒருசேர நோக்கக்கூடிய இடம் சுற்றுவட்டாரத்தில் வேறில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சிலாங்கூர் சுல்தானகம் உருவானபோது, அதன் முதல் சுல்தானான சலேஹுதீன் கோலசிலாங்கூரிலிருந்தே ஆட்சி செய்தார். அவர்தம் மைந்தர் சுல்தான் இப்ராஹிம், ரியாவின் ராஜா ஹாஜி மலாக்காவில் டச்சுக்காரர்களை எதிர்த்தபோது அவருக்குத் துணைநின்றார். அதன் விளைவாக, 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இக்குன்றைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் அல்திங்கின் பெயரால் அல்திங்ஸ்பர்க் என அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங்கின் துணையுடன் அதனை மீட்டார். சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1871 ஜூலையில் பிரிட்டிஷ் போர்க்கப்பலான ரினால்டோ இக்கோட்டையைக் குண்டுவீசித் தாக்கியது. 1874ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் சிலாங்கூர் ஆட்சியில் நேரடியாகத் தலையிட்டனர். இன்று குன்றின்மேல் காணப்படும் கலங்கரை விளக்கம் 1907ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பீரங்கிகளும் அரசர் கல்லறைகளும் விளக்கமும் பாடநூல்களில் இடம்பெறுவன. ஆனால் குன்றின் இன்றைய குடிமக்கள் வேறு. முதிர்ந்த மரங்களின் கிளைகளில், வெள்ளி பூசியது போன்ற கருமயிருடன் நீண்ட வால் தொங்க அமர்ந்திருக்கும் லோத்தோங் குரங்குகளே அவை. 1960களில் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பெர்ன்ஸ்டைன் இக்குரங்குக் கூட்டங்களை நேரில் உற்றுநோக்கி, 1968ஆம் ஆண்டில் தம் ஆய்வினை வெளியிட்டார். கோலசிலாங்கூரின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய அவ்வாய்வு, இலையுண்ணும் குரங்குகளின் வாழ்வியலை அறிய உதவிய முன்னோடிகளுள் ஒன்று. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வாழும் இவ்வினம் சுமத்திராவின் இனத்திலிருந்து வேறுபட்டது என்பது 2008ஆம் ஆண்டில் அறியப்பட்டு, அதன் அறிவியல் பெயரில் சிலாங்கூரின் பெயரே சேர்க்கப்பட்டது.

இக்குரங்கின் குட்டி பிறக்கும்போது பளிச்சிடும் செம்மஞ்சள் நிறம் கொண்டிருக்கும். சில மாதங்களில் அந்நிறம் மாறித் தாயின் கருமையைப் பெறும். தாய் மட்டுமன்றிக் கூட்டத்தின் பிற பெண் குரங்குகளும் அக்குட்டியை வாங்கி ஏந்திக்கொள்வதை நாம் நேரில் கண்டோம். மாணவி ஒருவர், இதற்குத் தமிழில் பெயர் உண்டா என வினவினார். குரங்கு என்பதைத் தவிர வேறு சொல் எவருக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. உண்மையில், தொல்காப்பியத்தின் மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றையும் வேறுபடுத்திக் கூறுகிறது. நீண்ட வாலும் இலையுணவும் உடைய இவ்வகைக் குரங்கே முசு. மெலாவத்தியில் பழத்தையும் ரொட்டியையும் பறித்துக்கொள்ளும் கெரா, குரங்கு வகை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் மொழி கண்டறிந்து பெயரிட்ட வேறுபாட்டை, அம்மொழியையே பட்டப்படிப்பாகப் பயிலும் நம்மால் சொல்ல இயலாமற் போனது எம்மைச் சிந்திக்க வைத்தது. இங்கு வரும் பயணிகள் முசுவுக்கும் ரொட்டியும் வேர்க்கடலையும் தருகின்றனர். இலையைச் செரிப்பதற்கெனப் பல அறைகளாக அமைந்த வயிறுடைய அவ்விலங்குக்கு அவ்வுணவு தீங்கானது. பெயரை மறந்தவர்க்கு இயல்பும் மறந்துபோகிறது.

கண்டல் காடு

குன்றின் அடிவாரத்தில் தொடங்குவது கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. மாநில அரசின் ஒத்துழைப்புடன் மலேசிய இயற்கைக் கழகம் 1987ஆம் ஆண்டில் இதனை நிறுவியது. இதன் நடுவே நீண்டு கிடக்கும் கரைமேடு, பூங்காவின் வரலாற்றையே விளக்கும் சான்றாகும். கடல்நீர் உட்புகாவண்ணம் எழுப்பப்பட்ட அம்மேட்டின் கடற்புறத்தில் அலையேற்றத்தில் மூழ்கி எழும் கண்டல் காடு உள்ளது. நிலப்புறத்திலோ, உப்புநீர் வரத்து நின்றமையால் கண்டல் மரங்கள் மெல்ல அழிந்து, ஆலும் பிறவும் கலந்த இரண்டாம்நிலைக் காடு வளர்ந்துள்ளது. ஒரு மண்மேட்டின் இருபுறமும் இருவேறு காடுகள். மனிதர் வெட்டிப் போட்ட மண் ஒரு நிலத்தின் தலைவிதியை எவ்வாறு மாற்றும் என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

கரைமேட்டைக் கடந்து மரப்பாலத்தில் நடக்கையில், சேற்றிலிருந்து பென்சில் முனைகள் போல் நீட்டி நிற்கும் மூச்சுவேர்களைக் காணலாம். அவை மலாயில் அப்பி-அப்பி எனவும் தமிழில் வெண்கண்டல் எனவும் வழங்கும் மரத்தினுடையவை. சற்று அப்பால், வில்போல் வளைந்து சேற்றில் ஊன்றிய தாங்குவேர்களுடன் நிற்பது பாக்காவ். அதுவே கண்டல். ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள் வளைவாயில் நின்று அக்கையை ஆட்டுகின்றன. சேற்றில் தாவும் மீன்கள் நீரைவிட்டு வேரின்மேல் ஏறி அமர்கின்றன. குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வரும் கரைப்பறவைகள் அலையிறக்கத்தில் வெளிப்படும் சேற்றுவெளியில் இரைதேடுகின்றன. அருகிவிட்ட பால்வண்ண நாரையைக் கூண்டில் வளர்த்து இனம்பெருக்கி விடுவிக்கும் முயற்சியும் தேசிய விலங்குக் காட்சிச்சாலையின் துணையோடு இங்கு மேற்கொள்ளப்பட்டது.

இக்காட்டு வகையைச் சேர்ந்த மற்றொரு மரம் நமக்குத் தனிச்சிறப்புடையது. மலாயில் புத்தா-புத்தா எனப்படும் அம்மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு விளையும் என்பதால், குருடு எனப் பொருள்படும் அப்பெயர் ஏற்பட்டது. தமிழில் அதன் பெயர் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை ஈந்தது அம்மரமே. சிதம்பரத்தையடுத்த பிச்சாவரத்தின் சதுப்புக் காட்டில் அது இன்றும் வளர்கிறது. மலேசியக் கடலோரச் சதுப்புகளிலும் அதே மரம் வளர்கிறது. தோட்டக் கோயிலில் தில்லைக் கூத்தனைப் பாடிய நம் முன்னோர், அதே தில்லை நின்ற சதுப்பு நிலங்களுக்கு அருகே வாழ்ந்து மறைந்தனர். அப்பிணைப்பை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. இன்று நமக்கும் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரப் பகுதியில் கண்டல் காட்டின் பின்புறம் இருந்த ஊர்கள் திறந்த கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவான சேதத்தையே அடைந்தன என்பதை அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. அதன் பின்னரே கண்டல் காடு வீண்நிலம் அன்று, அரண் என்னும் உணர்வு மலேசியாவிலும் வலுப்பெற்றது.

வாய்க்கால் வெட்டியோர்

கண்டல் காட்டின் பின்னே பரந்து கிடந்த சதுப்பும் தாழ்நிலக் காடும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோட்டங்களாயின. முதலில் காப்பியும் தென்னையும் பயிரிடப்பட்டன. 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை வீழ்ந்தபின் ரப்பர் அதன் இடத்தைப் பிடித்தது. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து தோட்டங்கள் பெருகின. கரையோரச் சமவெளியில் நிலம் திருத்துவது என்பது முதலில் நீரை வெளியேற்றுவதாகும். வாய்க்கால் வெட்டி, கரைமேடு எழுப்பி, மதகு அமைத்த பின்னரே கன்று நடமுடியும். மண்வெட்டியுடன் இடுப்பளவு சேற்றில் நின்று இப்பணியைச் செய்தவர்களுள் தமிழர் பெரும்பங்கினர். சாவகத்தாரும் சீனரும் இப்பணியில் பங்குகொண்டனர்.

இங்கு ஒரு வரலாற்று முரணைச் சுட்டுதல் வேண்டும். 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், மலேரியாவைப் பரப்பும் கொசுக்கள் நிலத்துக்கேற்ப வேறுபடுவதைக் கண்டறிந்தார். கரையோரச் சமவெளியில், நிழல் படிந்த காட்டுச் சதுப்பில் வளரும் கொசுவே நோயைப் பரப்பியது. எனவே அங்குக் காட்டை வெட்டி நீரை வடித்தபோது நோய் தணிந்தது. மலைப்பாங்கான உட்பகுதியிலோ, வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளரும் கொசுவே எமனாயிற்று. ஆகவே அங்குக் காட்டை வெட்டியபோது நோய் பெருகியது. ஒரே கோடரி கரையில் உயிரைக் காத்தது. மலையடியில் உயிரைப் பறித்தது. காட்டை அழித்தது தவறு என ஒரு சொல்லில் தீர்ப்புரைப்பதற்கு இவ்வுண்மை இடந்தராது. லயத்தில் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தாய்க்குச் சதுப்பு நிலம் அழகாகத் தோன்றியிருக்க முடியாது.

வட சிலாங்கூரின் தோட்ட வரலாற்றில் குறிப்பிடத்தக்க மற்றொருவர் பிரெஞ்சு நாட்டவரான ஆன்றி ஃபோகோனியே. 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்த இவர், சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் தோட்டம் அமைத்தார். 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்ற இவரது ‘மலேசி’ நாவலில் தோட்டத் தமிழரும் இடம்பெறுகின்றனர். இலக்கியத்தைவிட நம் நிலத்தை அதிகம் மாற்றியது இவரது மற்றொரு செயல். 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் இவர் தொடங்கிய செம்பனைப் பயிரே இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிராகும். தோட்டத்தின் பெயரைக் கேட்கும் எந்தத் தமிழரும் அது தென்னை மரமே என்பதை உணர்வர். நாட்டின் முகத்தையே மாற்றிய செம்பனை, தென்னையின் தமிழ்ப்பெயரைத் தாங்கிய தோட்டத்தில் வேரூன்றியது. நிலத்துக்குப் பெயர் கிடைத்தது; அப்பெயரைச் சொல்லி அழைத்த மக்களுக்கு நிலத்தில் உரிமை கிடைக்கவில்லை.

மின்மினியின் கரை

அந்தி சாய்ந்தபின் கம்போங் குவாந்தானில் படகேறினோம். சிலாங்கூர் ஆற்றின் கரையோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைந்தன. ஆறு மில்லிமீட்டர் அளவே உள்ள இவ்வண்டுகள், துணையை அழைப்பதற்காகவே இவ்வாறு ஒளிர்கின்றன. உலகின் பல பகுதிகளிலிருந்தும் இதனைக் காண மக்கள் வருகின்றனர். படகில் பேச்சு தானாக அடங்கிற்று.

இவ்வொளியின் பின்னே இருக்கும் வாழ்க்கையை அறிதல் வேண்டும். வண்டு ஒளிர்வது மரத்தில்; ஆனால் அதன் புழு வளர்வது மரத்துக்குப் பின்னுள்ள ஈரமண்ணில். அங்குள்ள நத்தைகளே அதன் இரை. ஆகவே பெரெம்பாங் மரத்தை மட்டும் விட்டுவைத்து, பின்புறக் காட்டை வெட்டிச் செம்பனை நட்டால், சில ஆண்டுகளில் மரம் இருக்கும், ஒளி இராது. ஆற்றின் மேற்பகுதியில், கோல குபு பாருவுக்கு அருகே, 2000களின் தொடக்கத்தில் அணை கட்டப்பட்டபோது, நன்னீர் வரத்துக் குறைந்து உப்புநீர் மேலேறினால் பெரெம்பாங் மரங்கள் பாதிப்புறும் என இயற்கை ஆர்வலர்கள் எச்சரித்தனர். மலைநீரும் கரையின் மின்மினியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது இதனால் புலனாகும்.

இருமுறை இழந்தோர்

புக்கிட் ரோத்தான் பகுதியில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். இளமையில் ஆற்றோரம் மின்மினி பிடித்துக் கண்ணாடிப் போத்தலில் அடைத்ததையும், வாய்க்காலில் மீன் பிடித்ததையும் அவர் நினைவுகூர்ந்தார். அவர் பிறந்த லயம் இன்று இல்லை. அவர் படித்த பள்ளி வேறிடத்திற்குப் பெயர்ந்துவிட்டது. இதில் புதுமை ஒன்றுமில்லை என்பதே துயரம். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதும், பின்னர் வந்த நில மேம்பாடும் தோட்டத் தமிழரைத் தலைமுறை தலைமுறையாக வெளியேற்றின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. அதனால் பெருகிய தமிழ்ப்பள்ளிகள் 1957ஆம் ஆண்டில் 888 ஆக இருந்தன. இன்று ஏறத்தாழ 530 மட்டுமே.

காட்டை இழந்தது முதல் இழப்பு. அதனை வெட்டியவை நம் முன்னோரின் கைகள், முடிவெடுத்தவர்கள் வேறு. தோட்டத்தை இழந்தது இரண்டாம் இழப்பு. அதிலும் முடிவெடுத்தவர்கள் வேறு. இவ்விரண்டையும் தனித்தனி வரலாறுகளாக நாம் எழுதி வந்துள்ளோம். இயற்கைப் பாதுகாப்பைப் பேசுவோர் தோட்ட மக்களை நினைப்பதில்லை. தோட்ட மக்களைப் பேசுவோர் காட்டை நினைப்பதில்லை. ஒரே வாய்க்காலின் இரு கரைகள் இவை.

வகுப்பறையில் நெய்தல்

நம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஐந்திணை கற்பிக்கப்படுகிறது. நெய்தலுக்குரிய மரம், பூ, பறவை, தொழில் ஆகியவற்றை மாணவர்கள் தேர்வுக்குரிய பட்டியலாக மனனம் செய்கின்றனர். களப்பயணத்தில் எம்முடன் வந்த மாணவி, கண்டல் என்னும் சொல்லைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவர். அவருடைய பாட்டி பத்தாங் பெர்ஜுந்தையில் பால்மரம் வெட்டியவர். கண்டலின் தாங்குவேரில் கைவைத்து நின்றபோதுதான், தாம் எழுதிய சொல் இம்மரத்தைக் குறிக்கும் என்பதை அவர் முதன்முதலாக அறிந்தார். குறை அவருடையதன்று, கற்பித்த நம்முடையது.

கண்டல் பாக்காவ் ஆகும். தாழை பண்டான் இனத்தைச் சேர்ந்தது. புன்னை மலாயில் பெனாகா லாவுட் எனப்படும். மணலில் படரும் அடும்பு தாப்பாக் கூடா எனப்படும். அலவன் கோலசிலாங்கூரின் சேற்றில் இன்றும் கையாட்டுகிறது. கடற்கரைச் சோலையைக் குறிக்கும் கானல் என்னும் சொல்லுக்கு உயிருள்ள பொருள் இங்கு உள்ளது. சங்கப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், ஓராண்டில் ஒரு முறையேனும் மாணவரை இத்தகைய கரைக்கு அழைத்துச் செல்லலாம். மரத்தின் தமிழ்ப்பெயரையும் மலாய்ப்பெயரையும் அருகருகே எழுதிவைக்கும் சிறு கையேட்டை ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்திற்கெனத் தொகுக்கலாம். பாட்டன் பாட்டியரிடம் வாய்க்காலையும் காட்டோரத்தையும் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யலாம். அத்தலைமுறை இன்னும் நீண்டகாலம் நம்மோடு இராது.

முடிவுரை

கோலசிலாங்கூரின் குன்றும் கண்டல் காடும் ஆறும், அரசர்களின் வரலாற்றையும் குடியேற்ற ஆட்சியின் வரலாற்றையும் மட்டுமன்றி, தோட்டத் தமிழரின் வரலாற்றையும் தம்முள் கொண்டுள்ளன. அவ்வரலாற்றைப் படிக்க ஆவணக்காப்பகம் மட்டும் போதாது. சேற்றில் இறங்கி நடக்கவும் வேண்டும். நிலத்தில் உரிமை பெறாத மக்களுக்கு அந்நிலத்தின் பெயர்களேனும் உரிமையாக வேண்டும். முசு, கண்டல், தில்லை, அலவன் எனும் சொற்களை அவற்றுக்குரிய உயிர்களோடு சேர்த்து அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பது தமிழாசிரியரின் கடமையாகும். களப்பயணம் முடிந்து திரும்பும்போது மாணவர்கள் பேருந்தின் சாளரத்தில் செம்பனை வரிசைகளைப் பார்த்தவாறு வந்தனர். அவ்வரிசைகளுக்கிடையே ஓடிய வாய்க்கால்களை வெட்டியவர் யார் என்னும் வினாவை, எவரும் தூண்டாமலே அவர்கள் தமக்குள் எழுப்பிக்கொண்டனர். ஆய்வு அவ்வினாவிலிருந்தே தொடங்க வேண்டும்.